சாட்சி சொல்ல வரமாட்டேன்

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆலைக் கதவை வெளியே பூட்டி என் கணவரைத் தீயில் சாகவிட்ட மேற்பார்வையாளர் பக்கவாதத்தில் விழுந்துவிட்டார் என்றதும், போதகரான உனக்கு எவ்வளவு பூரிப்பு. "கர்த்தர் பழிவாங்கிட்டாருக்கா, ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வந்து சாட்சி சொல்லு" என்கிறாய். சத்துருவை நேசி என்று சொல்லி அன்று என்னை வழக்குப் போடவிடாமல் தடுத்ததும் நீதானே? நேரத்துக்கு ஒரு வசனம் கைவசம் வைத்திருக்கிறாய்.

அந்த ஆள் படுத்திருப்பது நான் நர்ஸாக இருக்கும் வார்டில்தான். மூன்று வாரமாக நான்தான் கஞ்சி ஊட்டுகிறேன். அன்பெல்லாம் இல்லை. வாயோரம் வழிவதைத் துடைக்கும்போது அருவருப்பாகத்தான் இருக்கிறது.

நேற்று, "உன் புருஷனை நான்தாம்மா கொன்னேன். எனக்கு ஏன் ஊட்டுற?" என்று குழறினார்.

"பசிக்குதுல்ல, வாயைத் திறங்க" என்றேன்.

வெகுநேரம் அழுதார். பிறகு, கதவைப் பூட்டச் சொன்னது முதலாளிதான் என்று வக்கீலிடம் சொல்வதாகத் தானாகவே ஒப்புக்கொண்டார். நான் சொல்லியனுப்பிய வக்கீல் நாளை வருகிறார்.

ஞாயிறன்று எனக்கு டியூட்டி இருக்கிறது. உன் கர்த்தர் அடித்துப்போட்டதாக நீ கொண்டாடும் ஆளுக்கு வேளாவேளைக்குப் படுக்கை விரிப்பு மாற்ற இங்கே வேறு யாரும் இல்லை.

உன் அக்கா