சாம்பல்மேட்டு அடுப்புகள்

அக்கா,

இன்று காலைப் பேப்பரில் ஒரு படம். எந்தெந்த நாடு எவ்வளவு நிலக்கரி எரிக்கிறது என்று கலர் கலராகக் கோடுகள். சீமைக்காரர்களின் கோடு இறங்குகிறது, நம்முடையது ஏறுகிறது. எரிப்பதைக் குறையுங்கள் என்று நமக்கு ஒரு அதட்டலும் பக்கத்தில் இருந்தது. தலைமுறை தலைமுறையாக எரித்துக் குளிர்காய்ந்தவர்கள் நமக்குப் புத்தி சொல்கிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடனே உன் நினைவுதான்.

ரேணிகுண்டா ரயில்வே லைனில் நமக்கு அடுத்தடுத்த வீடு. எஞ்சின்கள் கொட்டிய சாம்பல்மேட்டில் பாதி வெந்த கரியைப் பொறுக்கித்தான் தெருவில் அத்தனை அடுப்பும் எரிந்தது. எல்லை பிரித்ததில் திருத்தணி மெட்ராஸ் பக்கம் போய், நாம் ஆந்திராவிலேயே நின்றுவிட்ட சமயம், வீட்டுக்கு வீடு என்ன எரிக்கிறீர்கள் என்று எழுத ஒரு குமாஸ்தா வந்தார். முதல் வீடு என்னுடையது. கரி என்றால் திருட்டுக் கேஸ் ஆகுமோ என்று பயந்து விறகு என்றேன். என்னைப் பார்த்துத் தெருவே விறகு என்றது. நீ அன்று ஊரில் இல்லை. கை முறிந்த தம்பியோடு புத்தூருக்குக் கட்டுப் போடப் போயிருந்தாய்.

பத்தே நாளில் மேட்டைச் சுற்றி முள்கம்பி. கணக்குப்படி தெருவில் எல்லோரும் விறகுதான், இது யாருக்கும் பயன்படாத சாம்பல், செங்கல் சூளைக்காரருக்குக் கொடுத்தாயிற்று என்றார்கள். நான் அழுதேன். ஊர் திரும்பிய நீ மூச்சுவிடாமல் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டு, "அடுப்பத் தூக்குடி" என்றாய்.

பட்டப்பகலில் தெருப் பெண்கள் எல்லோரும் இடுப்பில் அடுப்போடு போனோம். குமாஸ்தாவின் ஆபீஸ் வாசலில் வரிசையாக வைத்து, மிச்சமிருந்த கடைசிக் கரியைப் பற்றவைத்தோம். அவர் இருமிக்கொண்டே வெளியே வந்து, எழுதினது எழுதினதுதான் என்றார். நீ இடுக்கியில் கனன்ற கங்கு ஒன்றை எடுத்து அவர் முன்னால் நீட்டினாய். எழுதிக்கொள்ளச் சொன்னது மட்டும் தெலுங்கில்.

"ராசுகோ சார். இது வெறவா? மோந்து பாரு. இத்த எரிச்சித்தான் எங்க புள்ளைங்க துன்னுக்கினு கீதுங்க. நீ எழுதற வரைக்கும் ஒரு அடுப்பும் அணையாது."

எழுதினார். கொஞ்ச நாளில் கம்பியில் ஒரு ஆள் நுழைய வழி விட்டார்கள். கூடையோடு நுழையும் அளவுக்கு அதை நீ அகலமாக்கினாய்.

எஞ்சின்கள் போயின, மேடு போயிற்று, நீயும் போய்விட்டாய். என் வீட்டில் இப்போது காஸ் அடுப்பு. ஆனாலும் கணக்கெடுக்க யார் வந்தாலும், எழுதியதைப் படித்துக் காட்டாமல் அவர்களை நான் வாசல் தாண்ட விடுவதில்லை. பயந்து விறகு என்று சொன்ன வாய்தான் இது, அக்கா. இப்போது படி என்கிறது.