நாம் எடுத்த நிலாப் படம்

நம் நாவலைப் படமாக எடுத்துவிட்டார்களடா. நேற்று மத்தியானம் மகள் என்னை ரவாங்கில் ஒரு தியேட்டருக்கு அழைத்துப்போனாள். உள்ளே எலும்பு வரைக்கும் குளிர், பொரித்த சோள வாசம், சுவர் முழுக்கத் திரை. ராக்கெட் கிளம்பியபோது நாற்காலியே நடுங்கியது. நான் காத்திருந்தது அதற்கல்ல. மகனை நிலாவுக்கு அனுப்பிவிட்டு நிற்பாளே ஒரு தாய், அவளுக்காகக் காத்திருந்தேன். கடைசி வரை அவள் வரவில்லை. அந்தப் பாத்திரத்தையே தூக்கிவிட்டார்கள். நீயாக இருந்தால் எழுந்து நின்று சண்டை பிடித்திருப்பாய். நான் மகளுக்குப் பின்னால் வெளியே வந்தேன். நீ போய் மூன்று மாதமாகிறது. இதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் கிடையாது.

எண்பதுகளில், கோல சிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், இரண்டு பேர் விஞ்ஞான நாவலைப் படமெடுக்கக் கிளம்பினார்கள் என்றால் இன்று யார் நம்புவார்? நீ ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிக்கு எடுபிடி. நான் ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூடத்தில் நெருப்புப் பார்ப்பவன். அட்டை கிழிந்த அந்தத் தமிழ் மொழிபெயர்ப்பை நீதான் என் கையில் திணித்தாய். நிலாவில் சுரங்கம் தோண்ட ஆட்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோகிறார்கள். திருப்பி அழைத்துவர வேண்டிய கப்பல் வரவே இல்லை. அதுதான் கதை. "இது நம்ம கததான்லா. வெள்ளக்காரன் தெரியாம எழுதிட்டான்" என்றாய்.

நானூறு பக்கத்தை இருபது நிமிடமாக்க வேண்டும். பென்சிலால் நிலா நகரத்தை அடித்தாய், போரை அடித்தாய், கடைசியில் ராக்கெட்டையும் அடித்துவிட்டாய். நான் பதறிப்போய்க் கேட்டதற்கு நீ சொன்ன பதில் நினைவிருக்கிறது: "ராக்கெட்டு இல்லாம எடுக்கலாம்டா. அம்மா இல்லாம எடுக்க முடியாது."

பட்டணத்து போட்டோக் கடைக்காரர் தன் சூப்பர் எயிட் கேமராவை இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்குக் கொடுத்தார். ஈயம் தோண்டி முடித்த லம்பத்து வெள்ளை மணல்மேடுதான் நமக்கு நிலா, கப்பலேறும் இடமும் அதுதான். பால் வாளியில் கண்ணுக்கு நேராக ஓட்டை வெட்டித் தலையில் கவிழ்த்துக்கொண்டு மகனாக நீயே நடித்தாய். தாயாக உன் அம்மா. விடியற்காலை ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்துவிட்டு, குளித்து, கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"தம்பி, நான் அழுவணுமா?" என்று என்னைக் கேட்டார்.

"வேணாம்மா. அவன் போறதப் பாருங்க, அப்புறம் திரும்பி நடங்க, போதும்" என்றேன்.

கப்பல் நிற்பதாக நாம் வைத்துக்கொண்ட பக்கம் நீ நடந்தாய். மகன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நீயே எழுதி வைத்திருந்தாய். அதனால் வாளிக்குள் தலையோடு நேராகவே போனாய். அம்மா வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து உன்னைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு திரும்பினார். எந்தச் சினிமாவிலும் அப்படி ஒரு திரும்பலை நான் கண்டதில்லை. அதைப் பார்த்தது கேமராவுக்குப் பின்னால் நின்ற நான் ஒருவன்தான்.

பிறகு நான் செய்ததைச் சொல்கிறேன். மழைக்காலம். உன் லயத்து வீட்டில் கூரை ஒழுகியது. ஆறு டப்பா பிலிமையும் என்னிடம் கொடுத்து, "ஈரம் மட்டும் படக்கூடாதுலா, அது ஒண்ணுதான் பயம்" என்றாய். தோட்டத்தில் ஈரம் படாத இடம் ஒன்றே ஒன்றுதான். பள்ளிக்கூடப் புத்தகம், பிறப்புப் பத்திரம், காயாத தலையணை என்று மழைக்காலத்தில் ஜனங்கள் எல்லாவற்றையும் என் புகைக்கூடத்துக்குத்தானே கொண்டுவருவார்கள். நானும் டப்பாக்களைத் துணியில் சுற்றி மேல் தட்டில் வைத்தேன். ஐந்து நாள். பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று பெருமை வேறு.

பிலிமைக் கழுவ வெளிநாட்டுக்கு அனுப்பினோம். அது திரும்பி வருவதற்குள் அம்மா ஒரு காலையில் மரம் வெட்டிக்கொண்டிருந்தவர், மர நிரையிலேயே விழுந்து இறந்துபோனார். வீட்டில் அவருடைய படம் என்று அடையாள அட்டையில் இருந்தது மட்டும்தான்.

பார்சல் வந்ததும் நீ தனியாகப் பார்க்க மறுத்துவிட்டாய். "எல்லாரும் பாக்கட்டும், பெருசாப் பாக்கட்டும்" என்று நான்கு வெள்ளைத் துப்பட்டியைச் சேர்த்துத் தைத்துத் தோட்டத்து மண்டபத்தில் கட்டினாய். சன்னல்களைச் சாக்கால் மறைத்தோம். அம்மாவைப் பார்க்கத் தோட்டமே வந்து உட்கார்ந்தது. புரொஜெக்டர் ஓடியது. திரையில் வெறும் பழுப்பு. அடுத்த ரீல், அதுவும் பழுப்பு. புகைக்கூடத்துச் சூடு பிலிமை வேகவைத்துவிட்டது என்று எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. எழுந்து ஓடவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

நீ திரைக்குப் பக்கத்தில் போய் நின்று கதை சொல்ல ஆரம்பித்தாய். "இப்ப கப்பலு வருது, இப்ப நாங்க எறங்குறோம்..." முதலில் சிரித்தவர்கள் பிறகு சிரிக்கவில்லை. அம்மாவின் இடம் வந்தது. நீ வாயைத் திறந்தாய், சத்தம் வரவில்லை. நீ அதைப் பார்த்ததே இல்லையே. புரொஜெக்டரை நான்தான் நிறுத்தினேன்.

மண்டபத்துக்குப் பின்னால் உன்னிடம் உண்மையைச் சொன்னேன். அடிப்பாய் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீ கேட்டது ஒன்றுதான்:

"நீ பாத்தில்ல? சொல்லு. அம்மா எப்படித் திரும்புனாங்க?"

சொன்னேன். அன்றிலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்டாய். தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டு நாம் ரவாங்குக்கு வந்த பிறகும் கேட்டாய். நானும் ஒவ்வொரு முறையும் சொன்னேன். கெடுத்தவன் செய்யக்கூடியது வேறென்ன இருந்தது?

ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்டபோதும் சொன்னேன். இடது கையை நெற்றியில் வைத்து உன்னைப் பார்த்தார் என்றேன். நீ கண்ணைத் திறந்தாய்.

"போன தீவாளிக்கு வலது கைன்னு சொன்னியேடா."

இன்றும் கண்ணை மூடினால் அம்மா மணல்மேட்டில் நிற்கிறார். இரண்டு கையும் மாறி மாறி நெற்றிக்குப் போகிறது.