சோளகம் உங்கள் பக்கம் வீசியபோது

அன்புள்ள அக்கா,

காலையில் குசினி யன்னலைத் திறந்தேன், புகை மணந்தது. தூரத்தில் எங்கோ வெட்டிய காட்டை எரிக்கிறார்கள். கொடியில் கிடந்த துவாயை எடுத்து நனைத்து, புகைக்கு மூக்கில் பொத்திக்கொள்ளத் தர வேலிக்கு அந்தப் பக்கம் உங்களைக் கூப்பிட வாயெடுத்துவிட்டேன். பிறகுதான் நீங்கள் இல்லாத முதல் சோளகக் காற்று இது என்று உறைத்தது. நனைத்ததை என்ன செய்வதென்று தெரியாமல் யன்னலிலேயே தொங்கவிட்டேன்.

நீங்கள் வட்டக்கச்சிக்கு வந்ததே மூச்சுக்காகத்தான். அத்தான் எங்கள் ஊர்க்காரர். பதுளையில் கடை வைத்திருந்த காலத்தில் உங்களைக் கட்டினார். "சட்டி மாதிரி ஊரு, தங்கச்சி," என்பீர்கள். "சுத்திவர மலை. மார்கழியில பனி மூடி போட்டுடும். அத்தனை வீட்டு அடுப்புப் புகையும் மேலே போக வழியில்லாம உள்ளுக்குள்ளேயே சுத்தும். எனக்கு இழுக்க ஆரம்பிச்சிடும்." வெயில் காயும் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போ என்று டொக்டர் சொல்ல, அத்தான் இங்கே காணி எடுத்தார். வந்த அன்று எங்கள் வளவில் நின்று கையை விரித்து, "எவ்வளவு காத்து!" என்று சிரித்தீர்கள். தாய், தகப்பன், கூடப்பிறந்தவர்கள் எல்லாரையும் விட்டுவிட்டு வந்தாயிற்று, இனி எங்கேயும் போகமாட்டேன் என்றும் சொன்னீர்கள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு, ஆவணியில் இங்கே காடு எரிப்போம் என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் நா எழவில்லை.

வெட்டிய மரமெல்லாம் காய்ந்து கிடந்தது. எரித்தால்தான் முதல் மழைக்கு விதைக்கலாம். சோளகமோ தென்மேற்கிலிருந்து நேரே உங்கள் வீட்டைப் பார்த்து வீசியது. காற்று மாறட்டும் என்று அந்தப் பக்கம் காணி வைத்திருந்த எங்கள் ஆட்கள் காத்திருந்தார்கள். காற்று மாறி வாடை வந்தால் கூடவே மழையும் வரும், நனைந்த மரம் எரியாது, அந்த வருட விதைப்பு போய்விடும். அது தெரிந்தும் ஒருவரும் கொள்ளி எடுக்கவில்லை. நீங்கள் கேட்டபோது என் கணவர், "நல்ல நாள் பாக்கிறம், அக்கா" என்று பொய் சொன்னார். பொய் சொன்னால் அவருக்குக் காது சிவந்துவிடும். அன்றும் சிவந்தது.

கிழக்கே முகில் கட்டத் தொடங்கியபின் ஒரு காலையில், சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எங்கள் முற்றத்துக்கு வந்தீர்கள்.

"நல்ல நாள் பார்த்தது போதும், தம்பி. மத்தக் காணியெல்லாம் எரிச்சு முடிஞ்சிடுச்சு. என் வீட்டுக்குக் காத்து வர்ற பக்கம் மட்டும் அப்படியே கிடக்கு. எனக்குக் கண்ணு இருக்கு."

இவர் தலையைச் சொறிந்தார். "உங்களுக்குத் தொய்வு வந்து மூச்சு இழுக்கும், அக்கா. ஒரு வருசம் விதைக்காமல் விட்டால் என்ன?"

"பிள்ளைங்க தட்டுல எதைப் போடுவீங்க? காத்தையா?"

அதட்டிக்கொண்டு வந்தவர் அப்படியே அழுதுவிட்டீர்கள். "நீங்க எனக்காகத்தான் எரிக்காம இருக்கீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும். சொன்னா மறுபடியும் மூச்சுக்காக வேற ஊருக்கு அனுப்பிடுவாங்கன்னு, தெரியாத மாதிரி இருந்தேன்."

நான் உங்கள் கையைப் பிடித்தேன். "ஆனையிறவிலை என்ரை மாமி வீடு இருக்கு. அங்கை இந்தப் புகை வராது. அடங்குமட்டும் இருந்துபோட்டு வருவம். நானும் வாறன்."

"திரும்பி வருவோமா?"

"வராமல்? உங்கடை கோழியளை ஆர் மேய்க்கிறது?"

அழுகையோடு சிரித்தீர்கள். பரந்தனில் பஸ் ஏறும்வரை என் கையை விடவில்லை.

உப்பளக் கரையில் நின்றபோது, தூரத்தில் எங்கள் ஊர்ப்பக்கம் புகை எழும்பிச் சரிந்தது. உப்புக் காற்றை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு, "அதோ பாரு தங்கச்சி, நம்ம காணிப் புகை," என்று காட்டினீர்கள். பிறந்த ஊரைத் தவிர வேறெதையும் நீங்கள் 'நம்ம' என்று சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. மழைக்கு முன்பே ஊர் திரும்பினோம். அந்த வருடம் குரக்கன் நன்றாக விளைந்தது.

அதன்பிறகு உங்களிடம் சொல்லாமல் எங்கள் பகுதியில் எவரும் கொள்ளி வைத்ததில்லை. நாமிருவரும் பையைக் கட்டுவோம். "புகைத் திருவிழாவுக்கு வெளிக்கிட்டாச்சோ?" என்று இவர் கேலி செய்வார். எத்தனை வருடம் இருந்தும் 'ஆமா' என்பதற்கு நாங்கள் சொல்லும் 'ஓம்' மட்டும் உங்களுக்கு வரவேயில்லை. "ஒருக்கா ஓம் எண்டு சொல்லுங்கோவன்," என்று கெஞ்சுவேன். "ஆமா, சொல்றேன்," என்பீர்கள்.

கடைசியில் உங்களைக் கொண்டுபோனது மாரியில் வந்த காய்ச்சல். எங்கள் கைக் கொள்ளி இல்லை என்பதில் எனக்கு ஓர் ஆறுதல், அக்கா.

இன்று பின்னேரம் அடுத்த காணிக்காரர் படலையில் வந்து நின்றார். அத்தான் தன் தம்பி வீட்டோடு போனபின் பூட்டிக் கிடக்கும் உங்கள் வீட்டைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்குக் கொளுத்த வேணும். ஆரிட்டையும் கேக்காமல் கொளுத்த மனம் வரேல்லை. கொளுத்தட்டோ, தங்கச்சி?"

நாளைக் காலை நான் ஆனையிறவுக்குப் பஸ் ஏறுவேன். உங்களுக்காகக் காலையில் நனைத்த துவாயும் பைக்குள் இருக்கிறது. அவருக்கு ஓம் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.

"ஆமா" என்றுதான் வந்தது.