ஆப்பிள் கறிபாப் செய்யும் வீட்டிலிருந்து

என் பின்னலைப் பிடித்து இழுத்தே வளர்ந்த சரோவுக்கு,

உன் சமையலறையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவு தெரிய வேண்டும். பனி மூடிக்கொண்டு ஒன்றும் தெரியவில்லை. உன் சின்ன ஓவன் சூடேறிக்கொண்டிருக்கிறது. நான் போட்டிருப்பது உன் ஸ்வெட்டர்.

உன் கருமாதி முடிந்ததும் மலையடிவாரத்தில் என் ஊரான தாப்பாவுக்கு இறங்கிவிடலாம் என்று இரண்டே சேலையோடு வந்தவள் நான். குளிருக்கு எதுவும் எடுத்து வரவில்லை. அப்போது தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது. இப்போது பக்கத்து வீடுகளில் தீபாவளி முறுக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். டவுனில் ஸ்வெட்டர் தொங்காத கடை இல்லை. ஆனால் ஒன்று வாங்கிவிட்டால் இங்கேயே இருக்கச் சம்மதித்தது போலாகிவிடும் என்று வாங்காமலே இருக்கிறேன்.

யாரும் என்னைப் பிடித்து வைக்கவில்லை. உன் மகன் கதிர், "ஒரே ஒரு வாரம் இருங்க பெரியம்மா, அப்பாவப் பாத்துக்க ஆள் பாத்துடறேன்" என்றான். பாவம், பார்க்கத்தான் செய்தான். ஒருத்திக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. இன்னொருத்தி வந்த அன்றே மாப்பிள்ளை, அதான் உன் கணவர், ஓய்வு பெற்றதையே மறந்து தேயிலை பேக்டரிக்கு வேலைக்குப் போகிறேன் என்று கதவைத் திறந்து நடந்துவிட்டார். அவள் அப்படியே பஸ் ஏறிவிட்டாள். கதிர் எஸ்டேட் ஆபிசில் கணக்கு எழுதும் கிராணி. விடிந்ததும் போனால் சாயங்காலம்தான் வருவான். அதுவரைக்கும் உள்தாழ்ப்பாள் போட்ட இந்த வீட்டில் நானும் உன் கணவரும்தான். தாப்பாவில் என் வீட்டு வாசலில் நின்றால் இந்த மலை தெரியும். இங்கிருந்து என் வீடு தெரிவதில்லை.

மாப்பிள்ளையின் மறதி உனக்குத் தெரிந்ததுதான். நீ போன பிறகு அது அதிகமாகிவிட்டது. என்னை நீ என்று நினைக்கிறார். நம் இருவருக்கும் ஒரே குரல். அதோடு உன் ஸ்வெட்டர் வேறு. முதலில் திருத்திப் பார்த்தேன். இத்தனை வருஷம் பிள்ளைகளைத் திருத்திய வாய் சும்மா இருக்குமா? "நான் சரோ இல்ல மாப்ள, சரோ செத்துப்போயிட்டா" என்பேன். ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது புதுச் செய்தி. மார்பில் அடித்துக்கொள்வார். பிறகு என்னையே பார்த்து, "நீ இங்கதானே இருக்க, ஏன் இப்படிச் சொல்ற?" என்று மிரள்வார். கடைசியில் கதிர்தான், "விட்டுடுங்க பெரியம்மா. அம்மாவாவே இருந்துட்டுப் போங்கலா" என்றான்.

இருந்துவிட்டேன். இப்போது அவர் என்னிடமே கேட்கிறார்: "உங்கக்கா போன் பண்ணுச்சா? டீச்சரம்மா இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சே." என்ன பதில் சொல்வது, நீயே சொல். இந்த வீட்டில் நீ சாகவில்லை சரோ. காணாமல் போனவள் நான்.

உட்கார்ந்து அழுவதற்கும் வழியில்லை. உயிரோடு இருப்பவளுக்காக யார் அழுவார்கள்? சாயங்காலம் பேக்டரி சங்கு ஊதியதும் அவர் கண் மேசைக்குப் போய்விடும். உன் ஆப்பிள் கறிபாப் வேண்டும். உருளைக்கிழங்கு வைத்து மடிக்கும் கறிபாப்பைப் போலவே இருப்பதால் அவர் வைத்த பெயர்தானே அது. ஸ்ட்ராபெரி விளைகிற மலையில் இருந்துகொண்டு ஆப்பிள் வாங்கித் தின்கிற குடும்பம் என்று நான் உங்களைக் கேலி செய்ததுண்டு. அந்த வாய்க்குத்தான் இந்தத் தண்டனை.

நீ செய்வதைப் பார்த்திருக்கிறேன். பச்சை ஆப்பிளைப் பொடியாக நறுக்கி, வெண்ணெயில் சர்க்கரையோடு வதக்கி, பட்டைத்தூள் தூவி ஆறவைப்பாய். பரோட்டா மாதிரி வட்டம் வட்டமாகக் கடையில் உறையவைத்து விற்கிற ரொட்டி சானாய் மாவு, நீ பிசைந்ததே இல்லை. குளிர்பெட்டியிலிருந்து ஒரு வட்டம் எடுத்து, நடுவில் ஆப்பிளை வைத்து மடித்து, ஓரத்தை முள்கரண்டியால் அழுத்தி, முட்டை தடவி ஓவனில் தள்ளுவாய். சிவந்து உப்பியதும் எடுப்பாய். குளித்துவிட்டு வருவதற்குள் பலகாரம் தயார்.

எனக்கு அதுவும் வரவில்லை. தாப்பா வெக்கையில் மாவை வெளியே எடுத்து வைத்து ஒரு ஆப்பிள் தோல் சீவினால் போதும், இளகிவிடும். அதே கணக்கில் இங்கேயும் மடித்தேன். பலகை உடைந்த மாதிரி இரண்டாகப் பிளந்தது. பக்கத்து வீட்டு லெட்சுமி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "டீச்சர், இது தாப்பா இல்லலா. எங்க சரோக்கா மாவ சோத்துப் பானை பக்கத்துல தூங்க வெக்கும். அப்புறம்தான் எழுப்பும்." நீ சோற்றுப் பானைப் பக்கத்தில் வைத்ததை நான் கவனித்ததே இல்லையே.

உதாரணம் இல்லாமல் எதையும் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, கேள். ஓரத்தை அழுத்தி மூடிய பிறகு நீ மேலே கத்தியால் ஒரு கீறல் போடுவாய். அதை மறந்தால் உள்ளே கொதிக்கிற சாறு போக வழியில்லாமல் எங்காவது ஒரு பக்கம் வெடித்துவிடும். இத்தனை மாதமாக நான் கீறல் போடாமல் மூடிய கறிபாப்.

போன மாதம் அடைமழை. ரிங்லெட் பக்கம் மண் சரிந்து ரோட்டை மூடிவிட்டது. கீழேயிருந்து லோரி வரவில்லை. ரொட்டி சானாய் மாவு எங்கேயும் இல்லை என்று சொல்லி, டவுனில் மிச்சமிருந்த, சுருட்டிப் பொரிக்கிற மெல்லிய பொப்பியா தோல் ஒரு பாக்கெட் கொண்டு வந்தான் கதிர். அந்தத் தோலை வைத்து உன் பலகாரம் செய்ய முடியாது. அதனால் என் வீட்டில் செய்வதையே செய்தேன். ஆப்பிளோடு தேங்காய்த் துருவல், ஏலக்காய். சுருட்டி எண்ணெயில் பொரித்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் தொடவில்லை. மூக்கை நிமிர்த்தினார். பேக்டரியில் காலமெல்லாம் டிரையர் பக்கத்தில் நின்று, தேயிலை கருகப் போவதைக் கருகும் முன்பே சொன்ன மூக்கு அது.

"இது என்னா வாசம்?"

"ஆப்பிள்தான். சாப்பிடுங்க."

"ஏலக்கா போட்டிருக்கு. சரோவுக்கு ஏலக்கா ஆகாதே." என் முகத்தை ஊன்றிப் பார்த்தார். "டீச்சரம்மா. நீங்க எப்ப வந்தீங்க?"

நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். "வந்து நாளாச்சு மாப்ள."

"சொல்லவே இல்ல பாருங்க. சரோ எங்க, டவுனுக்குப் போயிருக்கா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அவ்வளவு நாளுக்குப் பிறகு என்னைப் பார்த்து என்னிடம் கேட்ட கேள்வி அது. "சரோ போயிட்டா மாப்ள. தைப்பூசத்துக்கு முன்னாடியே போயிட்டா."

இந்தத் தடவை அவர் மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. சொல்வது யார் என்று தெரிந்ததாலோ என்னவோ. சுருளைக் கையில் எடுத்தார். பிறகு, "உங்களுக்கு இருந்தது ஒரே தங்கச்சி. இப்ப நீங்க என்னா செய்வீங்க?" என்றார்.

நீ போன பிறகு இந்த வீட்டில் என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள் உன் கணவர்தான். இரண்டு பேரும் மேசையில் உட்கார்ந்து அழுதோம். எண்ணெய்ப் பலகாரம் ஆறிப்போயிற்று. ஆறியதையே சாப்பிட்டார். "இனிப்பு கொஞ்சம் பத்தல" என்று குறையும் சொன்னார்.

மறுநாள் காலையில் கூப்பிட்டார்: "சரோ, டீ போட்டியா?"

ரோடு திறந்தது. மாவும் வந்தது. போன சனிக்கிழமை கதிரை அடுப்படிக்குக் கூப்பிட்டேன்.

"இன்னைக்கு நீ செய்யிற."

"ஐயோ பெரியம்மா, எனக்கு முட்டைகூட ஒழுங்கா பொரிக்க வராது. உங்க கை பட்டாத்தான் அப்பா சாப்பிடுவாரு."

"மாவக் கம்பெனிக்காரன் பெசஞ்சி குடுத்துட்டான். ஆப்பிள மரம் குடுத்துருச்சி. மடிக்கிறதுக்கு என் கை எதுக்குடா?"

செய்தான். ஓரம் சரியாக ஒட்டவில்லை. சாறு வழிந்து தட்டில் கருகியது. கீறலை மட்டும் மறக்கவில்லை. நான் உன் ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, என் சேலையோடு குளிரில் நடுங்கிக்கொண்டு மாப்பிள்ளைக்கு எதிரிலேயே உட்கார்ந்தேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. பட்டை வாசத்தை இழுத்தார். ஒரு கடி கடித்தார். கதிர் மட்டும் நின்றிருந்த சமையலறைப் பக்கம் திரும்பிச் சொன்னார்: "சரோ இன்னைக்கு அவசரத்துல மடிச்சிருக்கா."

கதிர் கரண்டியோடு அப்படியே நின்றான். எனக்கு ஒரே சமயத்தில் சிரிப்பும் அழுகையும் வந்தன. நானும் என் குரலும் ஸ்வெட்டரும்தான் உன்னை இங்கே இருக்க வைக்கிறோம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவர் உன்னை மூக்கில் அல்லவா வைத்திருக்கிறார். ஒரு பாக்கெட் மாவும் கொஞ்சம் பட்டையும் இருந்தால், யார் மடித்தாலும் நீ வந்துவிடுகிறாய்.

பாத்திரம் கழுவும்போது கதிர் மெதுவாகச் சொன்னான்: "வெள்ளிக்கெழம சாயங்காலம் உங்கள பஸ் ஏத்தி விடுறேன் பெரியம்மா. சனி ஞாயிறு நான் பாத்துக்கறேன். இனிமே வாரா வாரம்." தட்டைத் துடைத்துக்கொண்டே, "திங்கக்கெழம வந்துருவீங்கல்ல?" என்றான். இன்னும் ஆள் கிடைக்கவில்லையே. கதவு திறந்துவிடவில்லை சரோ. ஒரு கீறல் விழுந்திருக்கிறது.

ஆனால் ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. ஏலக்காய் போட்டால் அவருக்கு நீ செத்துப்போகிறாய். பட்டை போட்டால் நான் காணாமல் போகிறேன். எதைச் செய்யச் சொல்வாய் நீ? அவரை அடிக்கடி அழவைக்க எனக்கு மனம் வராது. ஆனாலும் உனக்காக என்னோடு சேர்ந்து அழ, அந்த மேசையில் எப்போதாவது ஒருவர் வேண்டியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை உன் ஸ்வெட்டரைத் துவைத்து, கதவுக்குப் பின்னால் இருக்கிற உன் ஆணியிலேயே மாட்டிவிட்டுப் போகிறேன். திங்கட்கிழமை திரும்பி வருவேன், இது சத்தியம். வரும்போது எனக்கென்று ஒரு ஸ்வெட்டர் வாங்கிப் போட்டுக்கொண்டுதான் உன் வாசலில் ஏறுவேன். தாப்பா வெயிலில் யார் ஸ்வெட்டர் விற்பார்கள் என்று நீ சிரிப்பது கேட்கிறது. தேடிப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உனக்குத் தலை பின்னிவிட்ட,
உன் டீச்சர் அக்கா