செவலையைக் கட்ட மாட்டேன், மதினி

மதினி,

இன்று காலை கொல்லைக் கதவைத் திறந்ததும் ஈரமண் வாசம். மழை இல்லை. வேலியோரம் போய்ப் பார்த்தால் முள்கம்பிக்குக் கீழே புதுக்குழி. உங்கள் செவலை மறுபடியும் வெளியே போயிருந்தது.

நீங்கள் மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போய்வந்த நாளில், சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்த நாய்க்குட்டி அது. வளர்ந்ததும் வேலி தாண்ட ஆரம்பித்தது. ஒரு நாள் நான்தான் சங்கிலி வாங்கிக் கட்டினேன். அன்று முழுக்க அது தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மாலையில் தோட்டத்து ஜீப்பை விட்டு இறங்கி வந்த நீங்கள், சங்கிலியை அவிழ்த்துக் கூரைமேல் எறிந்தீர்கள்.

"கட்டிப்போட்டு வளக்க இது என்ன பொட்டப்பிள்ளையா தாயி?"

சிரித்தேன். சுருக்கென்றும் இருந்தது. அண்ணன் இறந்த பிறகு, "மலைக்குப் போகக் கூடாது, வீட்டோட கெட" என்று பங்காளிகள் வாசலில் நின்று சத்தம் போட்டார்கள். நீங்கள் மறுநாள் விடிந்ததும் ஜீப்பில் ஏறிவிட்டீர்கள். நானோ கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

நீங்களும் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் நானும் செவலையும்தான். போன மாதம் அது பக்கத்து வீட்டு அண்ணனின் கோழியைக் கடித்துக் கொன்றுவிட்டது. தப்பு நம் பக்கம்தான். என் வெடைக்கோழியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்; கோபம் தணியவில்லை.

"நாயை மலையில கொண்டுபோய் விட்டுரு. இல்ல, நானே விட்டுருவேன்."

மறுநாள் வேலை முடிந்து வந்தால் கதவு திறந்து கிடந்தது. செவலை இல்லை. அவரிடமே போய்க் கேட்டேன்.

"குரங்கணி மலையில விட்டாச்சு. போய்ச் சோலியப் பாரு."

விடிந்ததும் முதல் பஸ்சில் குரங்கணி போனேன். டீக்கடையில் கேட்டேன், தோட்டப் பாதையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே நடந்தேன். தொண்டை கட்டிப்போனது. உச்சிவேளையில் காப்பிச் செடிகளுக்கு நடுவிலிருந்து நொண்டிக்கொண்டு வந்தது, ஒரு கால் வீங்கி. அங்கேயே உட்கார்ந்து அழுதேன் மதினி.

பஸ்சில் நாயை ஏற்ற மாட்டோம் என்றார்கள். தூக்கிக்கொண்டு நடந்தேன். பாதி வழியில் மூட்டை ஏற்றிவந்த ஒரு ஜீப்பு நின்றது.

"நாயத் தூக்கிக்கிட்டு எங்கத்தா நடக்குற? வெரசா ஏறு" என்றார் டிரைவர்.

நம் தெருமுனையில் இறங்கி, எல்லோரும் பார்க்க நடுத்தெருவில் நடந்துவந்தேன்.

அதற்குப் பிறகு வேலியடியில் கல் புதைத்தேன். காலையும் மாலையும் நானே அதைக் கண்மாய்க்கரைக்குக் கூட்டிப்போகிறேன். தோண்டுவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. இன்று கல் இல்லாத மூலையைக் கண்டுபிடித்துவிட்டது. நல்லவேளை, கோழிகளைத் திறந்துவிடும் நேரத்துக்கு முன்னால் பிடித்துவிட்டேன். கூட்டிவரும்போது அந்த அண்ணன் வாசலில் நின்றார்.

"இன்னும் கட்டலையா நீ?"

"கட்ட மாட்டேண்ணே. உங்க கோழிக்கு ஒண்ணும் ஆகாம பாத்துக்கிறது என் பொறுப்பு. ஆனா திரும்பக் கொண்டுபோய் விட்டீகன்னா, திரும்பப் போய்க் கூட்டியாருவேன். எத்தனை தடவைன்னாலும்."

குரல் நடுங்கியது. ஆனாலும் சொல்லி முடித்தேன். பயந்துகொண்டே நிற்கவும் முடியும் என்பது உங்களைப் பார்த்து எனக்குள் தங்கியது மதினி. அதை யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அவர்தான் முதலில் உள்ளே போனார். நான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கல் இல்லாத அந்த மூலைக்குப் போனேன்.