பேட்டரி வண்டிக்குத் தண்ணீர் ரொப்பிய கதை

மாரண்டஹள்ளி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் பூவிழிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிர் ஊரில் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். இங்கே நான் சுகம், உன் அப்பா சுகம், கறவை மாடு சுகம், நீ வாங்கிக் கொடுத்த நாலு சக்கரப் பேட்டரி வண்டி மட்டும் இப்போதுதான் உடம்பு தேறி வருகிறது. அதைப் படுக்க வைத்தது வேறு யாருமில்லை, உன்னைப் பெற்ற மகராசிதான். போனில் சொன்னால் பாதியிலேயே நீ சிரிக்க ஆரம்பித்துவிடுவாய், நான் கோபத்தில் வைத்துவிடுவேன். அதனால்தான் உன் கூட்டாளி ஐஸ்வர்யா ஜெர்மனிக்குத் திரும்புகிறாள் என்றதும் ராகி மாவு, புளி, இந்தக் கடிதம் மூன்றையும் அவள் பெட்டியில் திணித்து அனுப்புகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் சிரி.

அப்பாவுக்கு வாதம் வந்து இடது கையும் காலும் விழுந்ததிலிருந்து அவர் மேட்டில் இருக்கிற நம் கரட்டுக்காட்டுப் பக்கமே போகவில்லை. ஓடையைத் தாண்டி, பாறை ஏறி, பருக்கைக் கல்லில் போகிற அந்தத் தடத்தில் கைத்தடி வைத்து நடக்க முடியுமா, ஆட்டோக்காரனும் வரமாட்டேன் என்கிறான், டிராக்டரில் ஏற்றி உட்கார வைத்தால் பிடித்துக்கொள்ள அவருக்குக் கை இல்லை. பேச்சு ஓரளவு திரும்பிவிட்டது, ஆனால் பேசுவதில்லை. நீ பார்த்த மனுஷன் இல்லையடி இப்போது. குழம்பில் உப்பு ஒரு கல் குறைந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற ஆள், இப்போது உப்பே போடாவிட்டாலும் நல்லாருக்கு என்று சாப்பிடுகிறார். ஒரு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டே, தக்காளி நட்டாச்சா, நான் இனிமே அத எங்க பாக்கப் போறேன் என்றார். அன்றைக்குத்தான் நான் உனக்குப் போன் போட்டு அழுதது, நீ இந்த வண்டிக்கு ஏற்பாடு செய்தது. ஒரு தடவையாவது அவரைக் கொண்டுபோய் அந்தக் காட்டில் இறக்கிவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

வண்டி ஓட்டிப் பழகி வேலியில் கொண்டுபோய் விட்டது தனிக் கதை, அதை இன்னொரு மானக்கேட்டோடு சேர்த்து எழுதுகிறேன். கம்பெனியில் போட்டுவந்த டயர் வழுவழுவென்று இருந்தது, ஓடைக் கரையில் வெறும் வண்டியே சறுக்கியது. டயர் மாற்ற வேண்டும் என்றதும் நீ பொறுமையாகத்தான் சொன்னாய், அம்மா, நம்ம தடத்துல முக்காவாசி பாறையும் கல்லுந்தான், சேறு ஓடைகிட்ட மட்டுந்தான், அதனால நடுத்தரமா பட்டன் இருக்கற டயரா பாத்துப் போடு, காத்தக் கம்மியா வை, கனம் ஏத்தாத, கனம் ஏறுனா சார்ஜ் நிக்காது என்று. நீ படித்ததே வண்டிப் படிப்பு. ஆனால் எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, ஜெர்மனியில ஏதுடி கரடு, நீ எனக்குச் சொல்ல வந்துட்டியா என்று கேட்டுவிட்டு ஓசூருக்கு பஸ் ஏறிவிட்டேன்.

கடையில் மூன்று தினுசு காட்டினார்கள். ஒன்று தார் ரோட்டுக்கு, ஒன்று எல்லாத் தரைக்கும், மூன்றாவது சேற்றுக்கென்றே செய்தது, பட்டன் ஒவ்வொன்றும் மைசூர்பாகு மாதிரி கட்டி கட்டியாய்த் துருத்திக்கொண்டிருந்தது. கடைக்காரர் மரியாதையாக, தடம் எப்படிங்க இருக்கும் என்று கேட்டார். உள்ளதைச் சொல்லியிருக்கலாம். அங்கே இரண்டு பேர் வேடிக்கை பார்த்தார்களா, எனக்கு கெத்து ஏறிவிட்டது, எங்க காட்டுல யானையே சறுக்கி வுழும்ங்க, இருக்கறதுலயே பெருசா குடுங்க என்றேன். கத்தரிக்காய் வாங்குவதுபோல ஒவ்வொரு டயரையும் அமுக்கிப் பார்த்தேன் வேறு. எதற்கு அமுக்கினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதோடு நின்றேனா? நம் ஊரில் டிராக்டர் பின்டயரில் பிடிமானத்துக்குத் தண்ணீர் ரொப்புவார்களே, அது திடீரென்று ஞாபகம் வந்துவிட்டது. சேற்றில் உழுகிற டிராக்டருக்கே தண்ணீர் வேண்டும் என்றால் இந்தத் தம்மாத்துண்டு வண்டிக்கு வேண்டாமா? நம்மூர் பஞ்சர் கடையில் டியூப் போடச் சொல்லி நாலு சக்கரத்திலும் முக்கால்வாசி தண்ணீர் அடிக்கச் சொன்னேன். அவனும் டிராக்டர் டயரைத் தவிர வேறு பார்த்திராதவன், நல்ல யோசனைங்க்கா என்றான். புத்திசாலிகள் இரண்டு பேர் சேர்ந்து, ஒரு குண்டு ஆளை நிரந்தரமாக வண்டியில் ஏற்றிவிட்டோம். ஜெர்மனிக்காரனுக்கே தோன்றாதது எனக்குத் தோன்றியது என்று வீடு வரும்வரை பூரித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலையில் அப்பாவுக்கு வெள்ளை வேட்டி கட்டிவிட்டு, சீட்டில் உட்காரவைத்து, பெல்ட்டுக்கு மேலே துண்டாலும் ஒரு கட்டு கட்டி ஏற்றிக்கொண்டு போனேன். ஓடைச் சேற்றில் வண்டி பிரமாதமாகப் போனது, பார்த்தீங்களா என்றேன். சேறு அத்தோடு முடிந்துவிட்டது. பாறை ஏறினால் அந்தக் கட்டிப் பட்டன்கள் கல்லில் உட்காராமல் கடகடவென்று குதிக்கின்றன. அவருடைய விழுந்த கை மடியில் கிடந்து துள்ளித் துள்ளி அடிக்கிறது, அவர் மற்றக் கையால் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். நான் இன்னும் அழுத்தினேன், சார்ஜ் காட்டுகிற கோடு ஒவ்வொன்றாக அணைந்து, பாதி மேட்டில் வண்டி ஒரு பெருமூச்சுகூட விடாமல் நின்றுவிட்டது. இதுவே உன் அப்பா பழைய தர்மனாக இருந்தால் அவர் போடுகிற சத்தம் பாலக்கோடு வரைக்கும் கேட்டிருக்கும். அன்றைக்கு அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, பரவால்ல சுகுணா, வூட்டுக்குப் போயிரலாம் என்றார். அடியே, அந்தப் பரவால்லவுக்குப் பதிலாக அவர் என்னைப் பாறையில் தள்ளிவிட்டிருக்கலாம்.

பச்சியப்பன் சித்தப்பா டிராக்டர் கொண்டுவந்து கயிறு கட்டி இழுத்துப்போனார். ஏன் அண்ணி, கரண்டு வண்டிக்கு டீசல் வண்டிதான் தொணையா என்று கேட்டார், கேட்கட்டும். டயரில் தண்ணீர் இருக்கிறது என்று தெரிந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நின்று சிரித்தார். சாயங்காலத்துக்குள் தெருவே, தண்ணி லாரி வந்துருச்சா என்று என்னை விசாரித்தது. அழுகையை அடக்கிக்கொண்டு டயரிலிருந்து வடித்த தண்ணீரைக் குடம் குடமாகக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். இப்போது ரசம் லேசாக ரப்பர் வாசம் அடிக்கிறது, அதையும் நல்லாருக்கு என்று சாப்பிட்டார் உன் அப்பா.

மறுபடி ஓசூர். இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு நீ சொன்ன நடுத்தர டயரையே கேட்டேன், முள்ளுக்குத் தாங்கும்படி பக்கவாட்டு ரப்பர் கனமாக இருக்கிறதா என்று மட்டும் விசாரித்தேன். காற்றும் நீ சொன்னபடிதான். கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, யானை என்னங்க ஆச்சு என்றார். போயிருச்சுங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நேற்றுக் காலையில் அப்பாவை ஏற்றினேன். வேண்டாம் என்றார், கெஞ்சித்தான் ஏற்றினேன். ஓடை தாண்டியது. பாறையில் டயர் கல்லுக்குத் தக்கபடி அமுங்கி அமுங்கி ஏறியது, கை மடியிலேயே கிடந்தது. மேட்டில் ஏறி நம் காட்டு வரப்போரம் நிறுத்திப் பார்த்தால் சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கிறது. இறக்கிவிட்டேன். கைத்தடியை ஊன்றிக்கொண்டு தக்காளியை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தார். கண் கலங்குவார், நாமும் கொஞ்சம் அழலாம் என்று முந்தானையைக்கூடத் தயாராகப் பிடித்துக்கொண்டேன். அவர் கைத்தடியைத் தூக்கி நீட்டி, ஏன்டி, இது தக்காளிக் காடா ஆடு மேய்க்கற எடமா, எவன்டி இந்தக் குச்சி நட்டவன், ஒன்னொன்னும் குடிகாரனாட்டம் சாஞ்சிகிட்டு நிக்குது, களையெடுக்க ஆளு வந்தாங்களா இல்ல எல்லாரும் ஒக்காந்து கத பேசிட்டுப் போனீங்களா என்று ஆரம்பித்தார் பார். நாக்கு குழறுகிறது, ஆனாலும் விடவில்லை. பக்கத்துக் காட்டில் வேலை செய்த பெண்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். அத்தனை பேர் முன்னாலும் நான் திட்டு வாங்கிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன், அழுதுகொண்டே சிரித்தேன், அதற்கும் திட்டினார். வீடு வந்து சேரும்வரை திட்டினார். ராத்திரி குழம்பில் உப்பு போதவில்லை என்று தட்டைத் தள்ளினார். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எங்கே போய்ச் சொல்ல.

நீங்கள் இருவரும் ஒரு குறையுமில்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. வண்டியை சார்ஜில் போட்டாயா என்று உள்ளேயிருந்து கத்துகிறார், நாளைக்கு அவரே நின்று குச்சியைப் பிடுங்கச் சொல்லி மறுபடி நடவைக்கப் போகிறாராம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இனிமேல் போன் செய்யும்போது அப்பாவிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்காதே. தக்காளி எப்படி இருக்கிறது என்று கேள்.

இப்படிக்கு,
உன் பேச்சை இரண்டாவது தடவையில் கேட்ட அம்மா,
த. சுகுணா.