விளம்பரத்தில் என் கைப்பை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தை விசாரிக்கவில்லை. விளம்பரம் எழுதிப் பரிசு வாங்கிய ஆளுக்கு என்ன குறை இருந்துவிடப் போகிறது! அம்மா தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டாள். எதற்குப் பரிசு என்று மட்டும் அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

தொழிற்சாலைகளுக்கென்று வரும் மாதப் பத்திரிகையில் பார்த்தேன். மெஷின் பெல்ட் கம்பெனிக்கு நீ எழுதிய விளம்பரம், பெல்ட் படமே இல்லை. வாங்குங்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. ஒரு மேஜை, சுற்றி ஐந்து ஆண்கள், நடுவில் முகம் தெரியாத ஒரு பெண். கைப்பையின் வாரை விரலில் சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கிறாள். கீழே, "பெல்ட் அறுந்தது. எல்லோரும் உங்களையே பார்க்கிறார்கள்."

போன வருஷம் எங்கள் ஃபாக்டரியில் பிஸ்கட்டை அடுப்புக்குக் கொண்டுபோகும் பெல்ட் அறுந்தபோது, கொள்முதல் பார்ப்பவள் என்று என்னைக் கூண்டில் ஏற்றினார்களே, அதை உன்னிடம்தான் அழுதுகொண்டே சொன்னேன். பை வாரை முறுக்கியதைக்கூடச் சொன்னேன். "விடுக்கா" என்றாய். நீ விடவில்லை. இடுப்பில் கட்டுவதைத் தவிர வேறு பெல்ட்டைத் தொட்டாவது பார்த்திருக்கிறாயா? வெட்கமாயில்லை?

முதலாளி அதைக் கத்தரித்து என் மேஜையில் வைத்து, "பாரும்மா, நம்ம கதையை எவனோ எழுதியிருக்கான்" என்றார். ஃபோர்மன் பல்லைக் காட்டினான். அளவுக்கு மீறி இறுக்கி பெல்ட்டை அறுத்ததே அந்த மகானுபாவன்தான்.

உன் திறமையைக் கேள். எழுதியது யார், எதற்காக என்றெல்லாம் தெரிந்தும் மறுபடி அறுந்தால் என்ன ஆகும் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. ஒன்பது வருஷமாக ஒழுங்காக பெல்ட் கொடுத்த மீசைக்காரரை நிறுத்திவிட்டு, நீ விளம்பரம் எழுதிய கம்பெனிக்கு ஆர்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் பட்டறைக்கு எங்களை விட்டால் சொல்லிக்கொள்ளும்படி வேறு ஆர்டர் கிடையாது. போனில், "நான் என்னம்மா தப்பு பண்ணேன்?" என்று கேட்டார். போனை வைத்துவிட்டேன். உன்னைக் கேவலமாக நினைத்து எழுத உட்கார்ந்தேன். என்னையும் சேர்த்துத்தான் எழுதவேண்டியிருக்கிறது.

நீ நன்றாக இரு. வீட்டுக்கு வா, வயிறாரச் சாப்பிடு, இரண்டு நாள் தங்கு. "வேலையெல்லாம் எப்படிப் போகுதுக்கா" என்று மட்டும் கேட்டுவிடாதே. மனசைத் திறந்து சொல்ல எனக்கு இருந்தது நீ ஒருவன்தான்.

இப்படிக்கு,
உன் அக்கா